புறக்காவல் நிலையத்துச் சாவி

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற ஆவாரங்குளம் விலக்கில் இருக்கிற போலீஸ் புறக்காவல் நிலையத்தின் சாவி எங்கள் மளிகைக் கடைக் கல்லாவில்தான் கிடந்தது. இதை மூடி மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரர் ராமசுப்பு அதில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிப் போட்டிருந்தார். சில்லறை எடுக்கும்போது வேண்டுமென்றே அதைத் தூக்கி மேலே வைப்பார். போலீஸ் சாவியே அண்ணாச்சி கையில் இருக்கிறது என்று நாலு பேர் சொல்வதில் மனிதருக்கு ஒரு குளிர்ச்சி.

அது ஒன்றும் பெரிய நிலையம் இல்லை. ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகிற பாதையில் எங்கள் விலக்கில் கடைகள் பெருகின பிறகு, வியாபாரிகள் சங்கம் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. சங்கத் தலைவர் என் வீட்டுக்காரர்தான். எங்கள் கடையை ஒட்டி இடமும் விட்டார். திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். கடம்பூர் போளி வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தோம். ரோட்டில் வைக்கிற இரும்புத் தடுப்பில்கூட 'உபயம்' என்று போட்டு எங்கள் கடைப் பெயர்.

கொஞ்ச நாள் ஒரு ஏட்டையா தவறாமல் வந்து உட்கார்ந்தார். அப்புறம் இன்றைக்குக் கோயில் கொடைத் திருவிழா பந்தோபஸ்து, நாளைக்கு மந்திரி வருகை, மறுநாள் கோர்ட்டு என்று வருவது குறைந்தது. கடைசியில், "கூட்டிப் பெருக்க ஆள் வந்தா தொறந்து விடுங்க அண்ணாச்சி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்தான். கூட்டவும் ஆள் வரவில்லை. அறை சும்மா கிடப்பானேன் என்று சங்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கொடைக்கு வாங்கின மைக் செட்டையும் அதற்குள் அடுக்கினோம். புறக்காவல் நிலையம் எங்களுக்குக் குடோன் ஆனது இப்படித்தான். வெளியே போர்டு மட்டும் நீலமும் சிவப்புமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

மாயகிருஷ்ணன் எங்கள் வாடிக்கைக்காரர். கொஞ்சம் கரிசல் புஞ்சையும் ஒரு கிடை செம்மறியும் வைத்திருந்தார். போன கோடையில் அவருடைய கிடையிலிருந்து ஆடுகள் களவு போயின. மனிதர் அழுதுகொண்டு உட்காரவில்லை. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போய் வாசலிலேயே நின்றார். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காது வெட்டு உண்டு. குட்டியிலேயே காதில் அடையாளம் வெட்டிவிடுவார்கள். அந்த வெட்டை வைத்துத் தன் ஆடுகளைப் பிடித்தார். விற்க வந்தவர்களையும் அவர்களுடைய வண்டியையும் சந்தைக்காரர்கள் துணையோடு போலீசில் ஒப்படைத்தார். அவர்கள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். வந்த கையோடு புஞ்சைக்கே போய், உன்னைச் சும்மா விடமாட்டோம் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அதையும் அவர் ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். "பாத்துக்கிடுவோம், போங்க" என்று அனுப்பினார்கள். யார் என்னிடம் இந்தக் கதையைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்லுவேன். ஒரு மனிதன் முறைப்படி செய்யவேண்டியதை எல்லாம் அவர் செய்திருந்தார்.

அன்றைக்கும் சனிக்கிழமை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. மாயகிருஷ்ணனும் அவர் மனைவி செண்பகவல்லியும் கோவில்பட்டி போவதற்காக எங்கள் கடைக்கு எதிரே, ரோட்டுக்கு வடபுறம் பஸ்சுக்கு நின்றிருந்தார்கள். நான் கடையின் பின்கட்டில் வத்தல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. யாரோ அலறினார்கள். அடுத்த நொடி எங்கள் ஷட்டர் தடதடவென்று இறங்கியது. முன்னால் ஓடி வந்தேன். கடை இருட்டாகிவிட்டது. இவர் உள்பக்கம் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அருவாளோட வந்திருக்கானுவ. சத்தம் போடாத" என்றார்.

அப்போது ஷட்டரில் தட்டு விழுந்தது. இரண்டே தட்டு. உள்ளங்கையால் தட்டின சத்தம். நான் கொக்கிப் பக்கம் போனேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, வெட்ட வந்தவன்தான் தட்டுதான். தொறக்காத."

ஷட்டரில் மறுபடி தட்டு விழவில்லை. பக்கத்துப் போலீஸ் அறைக் கதவில் விழ ஆரம்பித்தது. அங்கே இரண்டோடு நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. இடையில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். நான் கல்லாவைப் பார்த்தேன். இவரும் கல்லாவைத்தான் பார்த்தார்.

வெளியே செண்பகவல்லி போனில் போலீசைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் விலக்கில் ஒரு கேவலமான கூத்து உண்டு. தார் ரோட்டுக்கு வடக்கே ஒரு ஸ்டேஷன் எல்லை, தெற்கே இன்னொரு ஸ்டேஷன் எல்லை. "ரோட்டுக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். பஸ் நிற்கிற இடத்தைச் சொன்னாள். வடக்கு ஸ்டேஷனில் இணைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் மாயகிருஷ்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டார். "இப்பத் தெக்க ஓடிட்டாவ" என்று இவள் அலற, "அப்ப அது எங்க லிமிட் இல்லம்மா, அந்த ஸ்டேஷன் நம்பர் தாரேன், குறிச்சிக்கிடுங்க" என்று பதில் வந்திருக்கிறது. புருஷனை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொம்பளை எதில் நம்பரைக் குறிப்பாள்?

ஜீப் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வெட்டினவர்கள் சாவகாசமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருந்தார்கள். இறங்கின போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "பாடி எந்தப் பக்கம் கிடக்கு?" என்பதுதான். பாடி, நாங்கள் கட்டிக் கொடுத்த நிலையத்தின் வாசல்படியில் கிடந்தது.

ஷட்டரை மேலே தூக்கினதும் இவர் செய்த காரியத்தை என்னால் மறக்க முடியாது. குனிந்து ஷட்டரின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ரத்தம் இல்ல விஜி. பாரு, ஒரு சொட்டு இல்ல. அவரு இங்கன வரல" என்றார். வெட்டு விழுவதற்கு முன்னாலும் ஒரு ஆள் கதவைத் தட்டலாம் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியாமல் இருக்காது. அந்த இரண்டு தட்டு யாருடைய கை என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் விலக்கே நிரம்பிவிட்டது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் உடலை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் பஸ்களும் லாரிகளும் கண்ணுக்கெட்டின தூரம் நின்றன. மாயகிருஷ்ணனின் தம்பி ஹரிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வருகிற போலீஸ்காரரை எல்லாம் கை நீட்டி ஏசிக்கொண்டிருந்தான். எனக்கும் ஏசத்தான் வந்தது. வரி கட்டுகிறோம், கட்டடம் கட்டிக் கொடுக்கிறோம், தடுப்பு வாங்கிக் கொடுக்கிறோம். கூப்பிட்டால் வடக்கா தெற்கா என்று கேட்கிறவர்களுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

கூட்டத்துக்குத் தலைமை என் வீட்டுக்காரர். பொம்பளைகள் வெறும் தார் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று கடைக்குள் வந்து, கல்லாவைத் திறந்து, சிவப்புக் கயிற்றுச் சாவியை எடுத்தார்.

"ஏங்க, அதையா தொறக்கப் போறீய?"

"நாற்காலி அங்கனதான கெடக்கு" என்றார்.

ஊர் பார்க்கத் திறந்தார். உள்ளேயிருந்து நாற்காலிகளும் மைக் செட்டும் வந்தன. வாசல்படியை இன்னும் யாரும் கழுவவில்லை. தாண்டித் தாண்டித்தான் தூக்கி வந்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சாவி எங்கே கிடந்தது என்று தெரிந்தவர்கள்தான் எல்லாரும். தங்கள் தங்கள் கடை ஷட்டருக்குப் பின்னால் நின்றவர்களும்தான். செண்பகவல்லிக்கு ஒரு நாற்காலியை இவரே கொண்டுபோய்ப் போட்டார். அவள் அதைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். தார் ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இவர் மைக்கைப் பிடித்து வெளுத்து வாங்கினார். "நாங்க கெட்டிக் குடுத்த வாசல்லயே எங்க ஆளு செத்திருக்காரு! நேத்து வராத போலீசு இன்னைக்கு எதுக்கு வருது?" கூட்டம் ஆரவாரம் செய்தது. சத்தம் கூடக் கூட இவர் குரலும் ஏறியது. முப்பது வருஷமாக இந்த மனிதரோடு வாழ்கிறேன். பயந்து போயிருக்கும்போதுதான் இவர் இப்படிக் கத்துவார்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம் இன்ஸ்பெக்டர் காளீஸ்வரன் வந்தார். வெளியூரிலிருந்து அனுப்பப்பட்டவர். சத்தம் போடாத ஆள். கும்பிட்டார், ஏச்செல்லாம் வாங்கிக்கொண்டார், கடைசியில் என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டுப் புறக்காவல் நிலையத்து நிழலுக்குக் கூட்டிப் போனார். நான் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"அண்ணாச்சி, நாற்காலி எல்லாம் எங்க இருந்து எடுத்தீங்க?"

இவர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

"ஏட்டையா எல்லாம் சொல்லிட்டாரு. சாவி ஒங்க கல்லாவுலதான் இருந்திருக்கு. கதவத் தட்டுன ஆளுக்கு ஏன் தொறக்கலன்னு நான் மைக்குல ஒரே ஒரு வார்த்தை கேட்டா, இந்தக் கூட்டம் யாரு பக்கம் திரும்பும்? அந்தத் தம்பியப் பாருங்க. கொதிச்சுப் போய் நிக்கான்."

"சாவிய எங்கிட்டக் குடுத்தது ஒங்க ஆளு" என்றார் இவர்.

"தப்புதான். அத நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க ஒரு மணி நேரத்துக்குள்ள கூட்டத்தக் கலைச்சு விடுங்க, பாடிய வாங்கச் சொல்லுங்க. நானும் எதையும் கேக்கல, நீங்களும் எதையும் சொல்லல."

குடத்துத் தண்ணீரை அப்படியே அந்த ஆளின் தலையில் கொட்டவேண்டும் போல் இருந்தது. கொட்டியிருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

இவர் மைக்கை நோக்கி நடந்தார். கலைந்து போங்கள் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் கூட்டமும் கேட்டிருக்கும். எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் கடை. மைக்கைப் பிடித்தார். ஸ்பீக்கரில் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"போலீசு வரலன்னு காலையில இருந்து சொல்லுதேன். அது நெசம். இப்ப இன்னொரு நெசமும் சொல்லுதேன். இந்த ரூம்புச் சாவி எங் கல்லாவுலதான் கெடந்துச்சு. ஒங்க எல்லாத்துக்கும் தெரியும். நேத்து எங் கடை ஷட்டர எறக்குனது நாந்தான். அதுல ரெண்டு தட்டு விழுந்துச்சு. வெட்ட வந்தவன்னு நெனச்சேன். தொறக்கல. பக்கத்துக் கதவுல தட்டுனப்பவும் சாவிய எடுத்துட்டுப் போகல. எனக்குப் பயம்." அதோடு மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

ஹரிகிருஷ்ணன் பாய்ந்து வந்து இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் இன்ஸ்பெக்டர் மைக்கை எடுத்துவிட்டார். "பாத்தீங்களா? எல்லாரும் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்ல" என்று ஆரம்பித்தார்.

"ஹரி, கைய எடுல" என்றாள் செண்பகவல்லி.

எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. எதிரே நின்ற பஸ்களில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்து கேட்டார்கள்.

"மொதத் தட்டு எங்க வீட்டுக்காரருதான் தட்டுனாவ. நான் எதுத்தாப்புல நின்னு பாத்தேன். அண்ணாச்சி கடைன்னுதான் ஓடுனாவ. ஷட்டரு எறங்கிருச்சின்னதும் போலீசு ரூம்புக்குத் திரும்புனாவ. அண்ணாச்சி பயந்துட்டாரு. இங்கன இருக்க எல்லாருமே பயந்துட்டிய. அருவாளக் கண்டா கடைக்காரன் பயப்படத்தான் செய்வான். அப்பிடிப் பயந்து கெடக்கவனுக்காவத்தான ஒங்களுக்குச் சட்டையும் துப்பாக்கியும் குடுத்து வச்சிருக்கு? அண்ணாச்சி பயந்ததச் சொல்லிட்டாரு. நீங்க எதுக்கு வரலன்னு நீங்க சொல்லுங்க. ரோட்டுக்கு எந்தப் பக்கம்னு எங்கிட்ட ஏன் கேட்டிய? அதச் சொல்லுங்க மொதல்ல."

இன்ஸ்பெக்டர் விசாரணை நடக்கும் என்றார். கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை. அவர் மைக்கை வைத்துவிட்டு ஜீப்புக்குப் போனார்.

செண்பகவல்லி இவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்கன வேண்டாம். பெறகு வாரேன்."

மறியல் சாயங்காலம் வரை நடந்தது. பெரிய அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்களை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். வெட்டினவர்கள் வேறு ஊர்க் கோர்ட்டில் போய்ச் சரணடைந்தார்கள். புறக்காவல் நிலையத்தில் இனி ராத்திரி பகல் ஆள் இருக்கும் என்று உறுதி கொடுத்தார்கள். உடலை வாங்கி அடக்கம் செய்தோம். இவர் கடைசி வரை பின்னாலேயே நடந்து வந்தார். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் வியாபாரம் குறையவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். மைக்கில் சொன்னதற்காக இவரைப் பாராட்டினவர்கள்கூட உண்டு. "அண்ணாச்சிக்குப் பெரிய மனசு" என்று ஒருத்தர் சொன்னபோது இவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றை அளைந்துகொண்டே இருப்பார். செண்பகவல்லி வருகிறேன் என்று சொன்னாளே, அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே நினைப்புத்தான். என்ன கேட்பாள், இவர் என்ன சொல்லுவார்?

நிலையத்துக்குப் புதிதாக ஒரு போலீஸ்காரத் தம்பி வந்தான். பழைய பூட்டை மாற்றினான், படியைக் கழுவச் சொன்னான், மரியாதையாகப் பேசினான். நாங்களும் நாற்காலிகளை எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நாள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். புரட்டாசி பிறந்தது, விதைப்புக்கு மழை வருமா என்று ஊர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் அவன் தோளில் பையோடு கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, தசரா பந்தோபஸ்துக்குப் போட்டுட்டாங்க. வர நாளாவும். கூட்டுறதுக்கு ஆள் வரும். இது ஒங்ககிட்ட இருக்கட்டும்."

புதுச் சாவி. பளபளவென்று இருந்தது. இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி."

"சும்மா வச்சிருங்க அண்ணாச்சி, ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்று தராசுத் தட்டில் வைத்துவிட்டு, வந்து நின்ற பஸ்சில் ஓடிப்போய் ஏறினான். அந்தத் தம்பிக்குத் தான் சொன்னது என்னவென்று தெரியவில்லை. அவனை ஏசவும் எனக்கு மனசு வரவில்லை.

சாவி தராசிலேயே கிடந்தது. இவர் அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அன்றைக்கு நிறுக்கவேண்டியதை எல்லாம் பழைய கைத்தராசில் நிறுத்தோம். வெயில் சாய்கிற நேரத்தில் செண்பகவல்லி வந்தாள். மாயகிருஷ்ணன் போன பிறகு எங்கள் கடைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்த ரெண்டு தட்டும் ஒங்களுக்குக் கேட்டுச்சில்லா?"

"கேட்டுச்சும்மா."

"வெட்ட வந்தவன்னு நெனச்சேன்னு மைக்குல சொன்னிய."

இவர் தலையாட்டினார்.

"இப்பச் சொல்லுங்க. அவியன்னு ஒங்களுக்குத் தெரியலையா?"

நான் இவர் முகத்தையே பார்த்தேன். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருக்கலாம், நானும் மிச்ச காலத்துக்கு நம்பித் தொலைத்திருப்பேன். மறுக்க ஒரு ஆள் கிடையாது. இவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுதும்மா" என்றார். "ஷட்டர எறக்கும்போதே பாத்துட்டேன். அவரு எம் மூஞ்சியப் பாத்துட்டேதான் ஓடி வந்தாரு."

என் கையைப் பிடித்து நிறுத்தினது எனக்கு ஞாபகம் வந்தது. ஏட்டி, வெட்ட வந்தவன்தான் தட்டுதான். அந்தப் பொய்யை இவர் எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்.

செண்பகவல்லி அழவில்லை. கொஞ்ச நேரம் ஷட்டர் மேலே சுருண்டிருப்பதை அண்ணாந்து பார்த்தாள். "அவ்வளவுதான் அண்ணாச்சி. நீங்க பாத்தது சாகும்போது அவியளுக்கும் தெரிஞ்சுருக்கும். அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். எழுந்தவள் தராசைப் பார்த்தாள்.

"இது அந்த ரூம்புச் சாவியா?"

நான் ஆமாம் என்றேன்.

அவள் அதை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். "பஸ்சுக்கு நிக்கும்போது எங்கிட்ட இருக்கட்டும்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி வடபுறம் போய் நின்றாள்.

அன்றைக்கு ஷட்டரை இறக்கிக் கடையை நான்தான் பூட்டினேன்.